பல்லாவரத்துக் கல்லும் துருவத்துப் பனியும்

பல்லாவரம் மலையின் கல்லைப் புதிதாக உடைத்த முகத்தோடு கையில் எடுத்துப் பாருங்கள். கருமையும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய்ப் பளபளப்பு, வெயிலுக்குச் சாய்த்தால் உள்ளிருக்கும் குவார்ட்ஸ் துணுக்குகளில் மெல்லிய நீலம். நம் ஊரில் அது கருங்கல். உடைத்தால் ஜல்லி. திரிசூலம், பம்மல், பல்லாவரம் என்று சுற்றுவட்டாரக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகப் போய்ச் சென்னையின் அஸ்திவாரங்களுக்குள் இறங்கிய கல் இது.

மகேந்திரவர்ம பல்லவன் இங்குள்ள மலையைக் குடைந்து எடுத்த குடைவரை இன்று தர்காவாக இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கோடரியிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த இரண்டும் ஊரில் பலருக்குத் தெரிந்த செய்திகள். பூமியின் இரு துருவங்களோடு பல்லாவரத்துக்கு உள்ள உறவைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. கொடி ஊன்றப் போட்டிபோட்ட நாடுகள் கூடி உட்கார்ந்து அளக்கக் கற்றுக்கொண்ட கதை அது. அதை நம் வட்டாரத்தில் நின்றுகொண்டே தொடக்கத்திலிருந்து இன்றுவரை சொல்லிவிட முடியும்.

அன்று: கொடியோடு போய்க் கல்லோடு வந்தவர்கள்

கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. ஃபூட் வேலை பார்த்த அதே துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். 1900இல் அந்தக் கல் குடும்பம் முழுவதையும் விவரித்துப் பெரிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோகைட்டின் மூல இடமாகப் புவியியல் நூல்களில் நிலைபெற்றன. உலகத்தில் எங்கே அதுபோன்ற கல் கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நம் மலையைத்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல் இது. பரங்கிமலைச் சார்னோகைட்டை நம் புவியியல் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறது.

இப்போது தென்துருவப் பக்கம் போவோம். 1930 ஜனவரி 13. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அனுப்பிய குழு ஒன்று, டக்ளஸ் மாசன் தலைமையில் டிஸ்கவரி கப்பலில் போய், அண்டார்டிகாவின் என்டர்பி நிலக் கரையை ஒட்டிய சிறு பாறைத் தீவில் இறங்கியது. கொடியேற்றி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் அந்த நிலப்பரப்பை உரிமை கொண்டாடும் அறிக்கையை வாசித்தார்கள். அந்தத் தீவுக்கும் பிரகடனத் தீவு என்றே பெயர் வைத்தார்கள். அங்கே சேகரித்த கற்கள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. சி. இ. டில்லி என்ற கல்லியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, இது சார்னோகைட் குடும்பத்தின் புது உறுப்பினர் என்று 1936இல் எழுதினார். அதற்கு என்டர்பைட் என்று பெயரும் இட்டார்.

ஆக, பனிக்கண்டத்துக் கல்லுக்கு உறவுக்காரர் யார் என்று தேடியபோது விடை நம் பக்கத்தில் கிடைத்தது. காரணம் இன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இந்தியாவும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகள். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நம் கிழக்குக் கரை ஒட்டியிருந்தது கிழக்கு அண்டார்டிகாவின் கரையோடுதான். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் தொடர்ச்சியை என்டர்பி நிலத்தை அடுத்த ரேய்னர் பகுதியில் புவியியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு கரையை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. இரண்டு கரையிலும் கல் எடுத்து, எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டிய பிறகுதான் தெரியவந்தது.

ஆனால் அந்தக் காலத்து அரசுகளுக்கு அண்டார்டிகா என்றால் நிலம்தான். பிரிட்டன், நியூசிலாந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா என ஏழு நாடுகள் அதைத் துண்டுபோட்டு வரைபடத்தில் கோடு கிழித்தன. சில துண்டுகளுக்கு மூன்று நாடுகள் சொந்தம் கொண்டாடின. ஆய்வுக் குழுவை அனுப்புவதே உரிமைக்குச் சாட்சி சேர்ப்பதற்காக என்று இருந்த காலம் அது. அன்றைய இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. நம் பக்கத்துக் கல்லுக்கு அங்கே இடம் இருந்தது, நம் ஆட்களுக்கு இல்லை.

விருந்தாளிகளாகப் போன காலம்

திருப்பம் 1957இல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து 1958 டிசம்பர்வரை சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று அறிவித்தார்கள். அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டுகளை நிமிர்த்திவைத்து முறைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த இரண்டு நாடுகளும் உட்படப் பன்னிரண்டு நாடுகள் அண்டார்டிகாவில் நிலையங்கள் அமைத்து, அளவுகளைப் பகிர்ந்துகொண்டன. அந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கியதுதான் 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்தாகி, 1961 ஜூனில் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் உடன்படிக்கை. ராணுவத்துக்கு இடமில்லை. நில உரிமைக் கோரிக்கைகள் அப்படியே உறைந்து நிற்கும், புதிதாக யாரும் கோர முடியாது. ஆய்வு முடிவுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எந்த நாட்டு நிலையத்தையும் ஆலோசனை உரிமையுள்ள மற்ற நாடுகள் எந்நேரமும் போய்ச் சோதிக்கலாம்.

அந்தப் பன்னிரண்டில் இந்தியா இல்லை. அண்டார்டிகாவை அமைதிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வியை 1956லேயே ஐ.நா. சபையில் எழுப்பப் பார்த்த நாடு நாம். ஆனாலும் துருவத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டுமே அந்த மேஜையில் நாற்காலி கிடைத்தது.

எனவே நம் ஆட்கள் விருந்தாளிகளாகப் போனார்கள். 1960இல் கடற்படையின் வானிலையாளர் ராம் சரண் ஆஸ்திரேலியக் குழுவோடு போனார். அதே காலத்தில் தாவர உடலியல் அறிஞர் கிரிராஜ் சிங் சிரோஹி அமெரிக்கர்களோடு போனார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பரம்ஜித் சிங் சேரா 1971 முதல் 1973 வரை சோவியத் குழுவோடு இருந்து, துருவக் குளிர்காலம் முழுவதையும் அங்கேயே கழித்த முதல் இந்தியரானார். கப்பல், நிலையம், திட்டம் எல்லாம் அடுத்தவருடையது. இவர்கள் கற்று வந்ததுதான் நம் கையிருப்பு.

1981 டிசம்பர் 6 அன்று சையது ஜகூர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். பயணம் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கிய பிறகுதான் செய்தி வெளியே வந்தது. அவர்கள் போன போலார்சர்க்கிள் கப்பல் நார்வேயிடம் வாடகைக்கு எடுத்தது. இறங்கிய நிலம் நார்வே தன்னுடையது என்று கோரிவைத்த பகுதி. நார்வேயின் கப்பலிலேயே போய் நார்வே கோரும் மண்ணில் அனுமதி கேட்காமல் இறங்கினோம், அதனால் பகையொன்றும் வரவில்லை. உடன்படிக்கை செய்த பெரிய வேலை அதுதான். 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. செப்டம்பரிலேயே முடிவெடுக்கும் உரிமையுள்ள ஆலோசனை நாடாக ஏற்கப்பட்டது.

அடுத்த பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் வி. கே. ரெய்னா. ஃபூட்டும் ஹாலந்தும் இருந்த அதே புவியியல் துறைக்காரர். 1983இல் புறப்பட்ட மூன்றாவது குழுவில் புவியியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் கடலியலாளர் அதிதி பந்தும் போனார்கள். ஷிர்மாக்கர் மலைப் பாறைகளின் அமைப்பைச் சென்குப்தா ஆராய்ந்தார். அந்தக் குழு கட்டிய தட்சிண் கங்கோத்ரி நிலையம் மிதக்கும் பனித்தட்டின் மீது நின்றது. ஆண்டுக்காண்டு பனியில் புதைந்து 1990இல் கைவிடப்பட்டது. அதற்குள் 1989இல் கெட்டிப் பாறைமேல் மைத்ரி எழுந்துவிட்டது. பக்கத்திலேயே, சில கிலோமீட்டரில், ரஷ்யர்களின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையம். மாதக்கணக்கில் கப்பலும் விமானமும் வராத குளிர்காலத்தில் ஆபத்து என்றால் எட்டிவரக்கூடிய மனிதர்கள் அவர்கள் மட்டுமே. அங்கே வெளியுறவுக் கொள்கை என்பதெல்லாம் அக்கம்பக்கத்து உதவியிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்று: பள்ளிக்கரணையின் கருவி

பல்லாவரத்திலிருந்து 200 அடி ரேடியல் ரோட்டில் கிழக்கே போனால், பெரிய ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு சாலை போகும். கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் தாண்டினால் பள்ளிக்கரணை. அங்கே வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கிறது தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். 1993இல் தொடங்கிய நிறுவனம். தினமும் பஸ்ஸில் அந்த வாசலைக் கடக்கிறவர்கள் எத்தனையோ ஆயிரம். அதற்குள் வடிவமைத்த ஒரு கருவித்தொகுதி, வடதுருவத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் தெற்கே கடலுக்குள் நின்று வேலை பார்த்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அதன் பெயர் இண்டார்க். 2014 ஜூலை 23 அன்று, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற இடத்தில், மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் குறுகிய கடலில், 192 மீட்டர் ஆழத்தில் அதை இறக்கினார்கள். கிணற்றுக் கயிறு மேலிருந்து கீழே தொங்கும். இது கடலடியிலிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அடியில் கனத்த எடை, மேலே கயிற்றை இழுத்து நிறுத்தும் மிதவைகள், நடுவே வெவ்வேறு ஆழங்களில் உணரிகள். நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம், கரைந்த ஆக்சிஜன், பாசியின் பச்சையம், உள்ளே இறங்கும் ஒளி எல்லாவற்றையும் அவை பதிவு செய்யும். மிதக்கும் பனிக்கட்டி இடித்துவிடாதபடி மேல்முனையும் நீருக்குள்ளேயே இருக்கும். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்ப முகம் காட்டும் இடம் அது. அந்த இருட்டு முழுவதும் கருவி பேட்டரியில் ஓடும். மறு ஆண்டு கோடையில் கப்பல் வந்து நீருக்குள் ஒலிக் குறிப்பு அனுப்பினால், அடியிலிருக்கும் பிடி எடையை விட்டுவிடும், மொத்தமும் மேலே மிதந்து வரும். 2015 ஜூலையில் அப்படித்தான் எடுத்து, தரவை இறக்கிக்கொண்டு, மறுபடியும் கடலில் இறக்கினார்கள்.

வடிவமைப்பு பள்ளிக்கரணை. கூட நின்றவை கோவாவின் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமும், ஹைதராபாத்தின் பெருங்கடல் தகவல் சேவை மையமும். ஏற்றிச் சென்று இறக்கியது நார்வே துருவ நிறுவனத்தின் லான்ஸ் கப்பல். பிறகு சேர்த்த ஒலிவாங்கியில், பனியாற்றின் முகப்பு உடைந்து கடலில் விழும் சத்தத்தைக்கூடச் சென்னைக்காரர்கள் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2015இல் இதே நிறுவனம் உருவாக்கிய துருவ நீர்மூழ்கி ரோபோ, தென்கோடியில் மைத்ரி பக்கத்துப் பிரியதர்ஷினி ஏரியின் உள்ளே இறங்கிப் படமெடுத்தது.

கோங்ஸ்ஃபியோர்டன் கரையில் இருக்கும் நியூ-ஓலசுண்ட் என்ற சிற்றூர் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1962இல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்த பிறகு சுரங்கத்தை மூடினார்கள். இன்று அந்த ஊர் முழுக்க ஆய்வு நிலையங்கள். நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்கொரியா, சீனா எல்லாம் அருகருகே இருக்கின்றன. 2008 ஜூலை 1 முதல் நம் ஹிமாத்ரியும் இருக்கிறது. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ரேடியோ அலைகளைக் கொண்டு பூமியை அளக்கும் ஆய்வகம் அங்கிருப்பதால், சுற்றுவட்டாரத்தில் வைஃபை, புளூடூத் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எல்லையில் துப்பாக்கியோடு நிற்கும் நாடுகளின் விஞ்ஞானிகளும், பக்கத்து ஆய்வகத்தின் அளவு கெட்டுவிடக் கூடாதென்று செல்பேசியை அடக்கிவைத்துக்கொண்டு அங்கே நடமாடுகிறார்கள்.

தெற்கிலும் அன்றைய ரகசியம் இன்று இல்லை. லார்ஸ்மன் மலைப்பகுதியில் 2012இல் பாரதி நிலையம் திறப்பதற்கு முன்பே, அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்ற அறிக்கையை உடன்படிக்கை நாடுகள் எல்லாவற்றுக்கும் இந்தியா கொடுத்தது. 134 சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் ஜெர்மானியர்கள். அது நிற்கும் இடத்தை ஆஸ்திரேலியா, சீனா, ருமேனியா, ரஷ்யாவோடு சேர்ந்து கூட்டாக நிர்வகிக்கிறோம். கேப் டவுனிலிருந்து பனிக்கண்டத்துக்குப் பறக்கும் விமான ஏற்பாட்டில் நம்மையும் சேர்த்துப் பதினோரு நாடுகள் பங்காளிகள். கரையோரப் பனி எவ்வளவு கரைகிறது என்பதை அளக்கக் கோவா மையமும் நார்வே துருவ நிறுவனமும் கூட்டாகக் களத்தில் இறங்கின. 2024 மே மாதம் உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கூட்டத்தைக் கொச்சியில் நாமே நடத்தினோம்.

பனி உருகினால் பள்ளிக்கரணைக்கு என்ன?

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் உண்டு. ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. காரா கடலின் கோடைக்காலப் பனி குறைவதற்கும் இந்தியாவில் பருவமழையின் கடைசிக் கட்டத்தில் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. எழுதியவர்கள் கோவா மையத்தாரும் நார்வேயின் நான்சென் மையத்தாரும். மழைக்கணக்கு ஒருவருக்கும் பனிக்கணக்கு மற்றவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்ததால் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

தெற்கே அண்டார்டிகாவில் கிடக்கும் பனி மொத்தமும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் உயரும். அது நாளை நடக்கப்போவதில்லை. ஆனால் நமக்கு மீட்டர் கணக்கு தேவையே இல்லை. தாம்பரம், பல்லாவரம், வேளச்சேரிப் பக்கத்து மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. சரிவு மிகக் குறைவு. கடல் சற்று உயர்ந்தாலே வடிகால் தயங்கும், தண்ணீர் தெருவில் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் வடிய ஒரு நாள் கூடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கடல் எவ்வளவு உயரும் என்ற கணக்கு, பனிக்கண்டத்தில் பல நாடுகள் எடுக்கும் அளவுகளை ஒன்றாகக் கூட்டினால்தான் வரும்.

இன்னும் எட்டாதவை

கூட்டுறவு ஒருமுறை அமைந்தால் அப்படியே நின்றுவிடும் என்று நம்ப முடியாது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகள் ரஷ்யாவோடு வேலை செய்வதை நிறுத்தின. ஆர்க்டிக் கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. அங்குள்ள உறைநிலத்தின் அளவுகள் வெளியே வருவது குறைந்தால், உலகத்தின் பருவநிலைக் கணக்கிலேயே ஓட்டை விழும். போரில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு கேள்வி. தரவு நின்றுபோனால் நஷ்டம் எல்லோருக்கும்தான்.

நம் பக்கத்துக் குறை கப்பல். பள்ளிக்கரணை நிறுவனம் இயக்கும் சாகர் நிதி பனிக்கடல் விளிம்புவரை போய்வந்த நல்ல கப்பல். ஆனால் கெட்டிப்பனியை உடைத்துக்கொண்டு போகும் சொந்தத் துருவக் கப்பல் நம்மிடம் இல்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் வாடகைக் கப்பலில்தான் போகிறோம். 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம், அப்படியொரு கப்பலை இங்கேயே கட்ட நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. 1981இல் நார்வேயிடம் வாடகைக்கு வாங்கினோம், இப்போது நார்வேயோடு சேர்ந்து வடிவமைக்கிறோம். இந்த ஒப்பந்தமும் பழைய திட்டங்களைப் போலக் கோப்பில் தூங்கிவிடக் கூடாது. கப்பல் உள்ளவர்தான் அடுத்தவரை அழைத்துப்போக முடியும். ஒரு காலத்தில் ராம் சரணுக்கும் சிரோஹிக்கும் மற்ற நாடுகள் கொடுத்த இடத்தை, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு போன்ற அண்டை நாட்டு ஆய்வாளர்களுக்கு நாம் கொடுக்க வேண்டும். கடல் உயர்ந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்களும்தான்.

கடைசியாக, இந்த வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்டார்டிகப் பயணங்கள் அரசு விஞ்ஞானிகளுக்கு மட்டும் என்று ஒதுங்க வேண்டாம். கோவா மையம் பல்கலைக்கழகங்களிடமிருந்தும் ஆய்வு நிறுவனங்களிடமிருந்தும் ஆய்வுத் திட்டங்களைக் கேட்டு வாங்குகிறது. தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் இமயமலையில் பனிப் பயிற்சியும் உண்டு. சார்னோகைட்டைப் படிக்க உலகம் தேடிவந்த மலை உங்கள் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது, வடதுருவக் கடலை அளந்த நிறுவனம் ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. நல்ல கேள்வி ஒன்றை எழுதி விண்ணப்பியுங்கள்.